கிளமாட்டிஸ் விதைப் பாக்கெட்டில் உள்ள தவறான விவரங்கள் குறித்த புகார்

பெறுநர்: வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

ஐயா / அம்மா, வணக்கம்.

போன வருடம் உங்களிடம் ‘நெல்லி மோசர்’ ரக கிளமாட்டிஸ் பூங்கொடியின் விதை இரண்டு பாக்கெட் வாங்கினேன். “20 நாளில் முளைக்கும், படத்தில் உள்ளபடியே பூக்கும்” என்று அட்டையில் போட்டிருக்கிறீர்கள். இரண்டுமே தவறு.

விதையை நான் குறை சொல்லவில்லை. தட்டையான பழுப்பு விதைகள். பலவற்றில் அந்தப் பட்டுப்போன்ற வால்கூட உதிராமல் இருந்தது. கிளமாட்டிஸ்தான், சந்தேகமில்லை. ஐந்து தொட்டிகளில் விதைத்தேன். 20 நாள் போனது, 40 நாளும் போனது, ஒன்றும் வரவில்லை. உங்கள் உதவி எண்ணில் கேட்டதற்கு, “தண்ணீர் அதிகமாகி விதை அழுகியிருக்கும், மண்ணைக் கொட்டிவிட்டு வேறு பாக்கெட் வாங்குங்கள்” என்றார்கள். நம்பி நான்கு தொட்டிகளைக் கொட்டிவிட்டேன். ஐந்தாவது, சுவரோரம் கண்ணில் படாமல் கிடந்தது. எட்டாவது மாதம் அதில் ஏழு நாற்றுகள் மண்ணைத் தள்ளிக்கொண்டு எழுந்தன. பார்த்ததும் மகிழ்ச்சியைவிட, கொட்டிய நான்கு தொட்டிகள்தான் மனதை அறுத்தன.

டாங்கூட்டிகா மாதிரி சின்னப் பூ இனங்கள் சில வாரங்களில் முளைத்துவிடும். பெரிய பூ கலப்பினங்களின் விதைக்கு ஆறு மாதமும் ஆகலாம், மூன்று வருடமும் ஆகலாம். குளிர்காலம் ஒன்றைக் கடந்தால்தான் பல விதைகள் கண் திறக்கும். விதை விற்கும் உங்களுக்கு இது தெரியாமல் இருக்காது.

அப்புறம், அந்தப் பெயர். நெல்லி மோசர் 1897-ல் பிரான்சில் மோசர் நாற்றுப்பண்ணை வெளியிட்ட கலப்பினம். அதன் விதையில் வரும் செடி தாயைப் போலவே பூக்காது. ஏழு நாற்றும் ஏழு விதமாகப் பூக்கலாம். அதே பூ வேண்டுமென்றால் தண்டை வெட்டி வைக்க வேண்டும், இல்லையென்றால் ஒட்டுக் கட்ட வேண்டும்.

பாக்கெட்டோடு வந்த துண்டுத்தாள் தண்டு வெட்டும் முறையையும் சொல்கிறது. முற்றிய குச்சியை ரோஜாவுக்கு வெட்டுவதுபோல் கணுவுக்குக் கீழே ஒட்டி வெட்டச் சொல்கிறது. அப்படி வைத்த ஆறும் கருகின. பிறகு இளந்தண்டை இரண்டு கணுக்களுக்கு நடுவில் வெட்டி, மேலே ஒரு கணுவை மட்டும் விட்டு, இலை ஜோடியில் ஒன்றைக் கிள்ளி, கணு மண்ணைத் தொடும் அளவுக்குச் செருகினேன். ஆறு வாரத்தில் லேசாக இழுத்துப் பார்த்தேன், வரவில்லை. வேர் பிடித்துவிட்டது.

பாக்கெட்டின் விலையைத் திருப்பித் தாருங்கள், அது நியாயம். அதைவிட முக்கியம், அட்டையைத் திருத்துவது. முளைக்கும் காலத்தை உள்ளபடி போடுங்கள், ‘நெல்லி மோசர்’ என்பதை எடுத்துவிட்டு ‘பெரிய பூ கலப்பின விதை, பூ மாறுபடும்’ என்று போடுங்கள். உதவி எண்ணில் பேசுபவர்களிடம், தொட்டியைக் கொட்டச் சொல்லக்கூடாது என்று சொல்லிவையுங்கள். இதே பாக்கெட்டை வாங்கிய எத்தனை பேர் உயிருள்ள விதையைக் குப்பையில் போட்டார்களோ!

அட்டை, துண்டுத்தாள், நாற்றுகள் மூன்றின் படங்களையும் இணைத்துள்ளேன். 15 நாட்களுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்