பாஸ்-புவாந்த் பெரியவர்களுக்கும் கூட நின்றவர்களுக்கும் நன்றி

கரீபியன் கடலில் பிரான்சுக்குச் சொந்தமான மார்த்தினிக் தீவின் வடக்கே இருக்கும் பாஸ்-புவாந்த் ஊர்ப் பெரியவர்களிடம் அவர்களின் இரண்டாம் உலகப்போர்க் காலச் சிறுபிராய நினைவுகளைக் கேட்டுப் பதிவுசெய்யும் வேலை முடிந்துவிட்டது. பல பேர் கைகொடுத்து நடந்த வேலை, அதனால் எல்லோருக்கும் தெரியும்படி நன்றி சொல்கிறேன்.

முதலில் பேசிய பாட்டி தாத்தாக்களுக்கு. எல்லோருக்கும் தொண்ணூறை ஒட்டிய வயது. 1940 ஜூனில் பிரான்ஸ் ஜெர்மனியிடம் வீழ்ந்ததும், தீவை ஆண்ட அட்மிரல் ரொபேர், ஜெர்மனியோடு ஒத்துப்போன பிரான்சின் விச்சி அரசின் பக்கம் நின்றதும், நேச நாடுகளின் முற்றுகையில் மாவும் எண்ணெயும் சோப்பும் வராமல் போனதும் புத்தகங்களில் இருக்கிறது. ஆனால் கடல்நீரைக் காய்ச்சி உப்பெடுக்க அம்மாவோடு விறகு சுமந்தது, பழைய டயரை வெட்டித் தைத்த செருப்பு குதிகாலைப் புண்ணாக்கியது, ரொட்டி இல்லாமல் சீமைப்பலாவும் மரவள்ளியுமே தின்று நாக்கு செத்துப்போனது, இதெல்லாம் இவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். பிரான்ஸ் வங்கியின் தங்கம் டன் கணக்கில் கோட்டைக்குள் பூட்டிக் கிடந்த அதே தீவில்தான் இவ்வளவும்!

ஒரு பாட்டியின் அண்ணன், ஜெர்மனியை எதிர்த்துத் தொடர்ந்து போரிட்ட பிரெஞ்சுத் தளபதி டி கோலின் படையில் சேர ராத்திரியோடு ராத்திரியாகப் படகேறி, பக்கத்தில் பிரிட்டிஷார் ஆண்ட டொமினிக்கா தீவுக்குப் போய்விட்டார். யார் கேட்டாலும் மலைப்பக்கம் வேலைக்குப் போயிருக்கிறான் என்று சொல்லும்படி அம்மா சொல்லிக்கொடுத்தாராம். 1943 ஜூலையில் ரொபேர் பதவியை விட்டுப் போகும்வரை அந்தச் சின்னப் பெண் வாயைத் திறக்கவில்லை. பாட்டி, அதை என்னிடம் சொன்னதற்கு எப்படி நன்றி சொல்வேன்!

அவருடைய முன்னோர் 1853க்குப் பிறகு கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேற்றப்பட்ட நம்மவர்கள். நான் புதுச்சேரிக்காரி. எங்கள் ஊர் 1940 செப்டம்பரிலேயே டி கோல் பக்கம் சேர்ந்துவிட்டது. ஒரே பிரெஞ்சுக் கொடியின் கீழ் வளர்ந்த பிள்ளைகளுக்கு இவ்வளவு வேறுபட்ட போர்க்காலமா என்று அவர் வீட்டில் உட்கார்ந்துதான் முதன்முதலாக யோசித்தேன்.

அப்புறம், தீவு மக்களின் மொழியான கிரியோல் பேச்சை வரிக்கு வரி பிரெஞ்சில் சொல்லி, அழுகை வந்த இடங்களில் என்னைக் கேள்வி கேட்கவிடாமல் நிறுத்திய பேத்திக்கு நன்றி, நிறுத்தியதற்கும் சேர்த்து. அந்தக் காலச் செய்தித்தாள்களைப் பொறுமையாக எடுத்துக் கொடுத்த ஆவணக் காப்பக ஊழியர்களுக்கும், மழையிலும் மலைப்பாதையில் வண்டி ஓட்டி என்னை வீடுவீடாகக் கொண்டு சேர்த்த ஓய்வுபெற்ற ஆசிரியருக்கும், நாள் தவறாமல் சோறு போட்ட வீட்டுக்காரம்மாவுக்கும் நன்றி.

ஒலிப்பதிவுகள் முதலில் அந்தந்தக் குடும்பத்துக்குத்தான் போகும். அவர்கள் கேட்டுச் சரி என்று சொன்ன பகுதிகளை மட்டுமே தமிழில் எழுதுவேன்.