ஜேனட் கத்ரிக்கு விருது போதாது: நாஸ்கார் ஹால் ஆஃப் ஃபேம் வாக்காளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்கக் கார் பந்தய அமைப்பான நாஸ்காரின் சாதனையாளர் மன்றமான ஹால் ஆஃப் ஃபேமின் பரிந்துரைக் குழுவினருக்கும் வாக்களிப்பவர்களுக்கும் வணக்கம்.

2026-க்கான புதிய உறுப்பினர் பட்டியலில் கர்ட் புஷ், ஹாரி கான்ட், ரே ஹென்ட்ரிக் ஆகியோரின் பெயர்களைப் பார்த்தேன். மூவருமே தகுதியானவர்கள். யாரையும் குறைத்துச் சொல்ல இதை எழுதவில்லை. ஆனால் 2010-ல் சார்லட்டில் கதவு திறந்ததிலிருந்து கிட்டத்தட்ட எழுபது பேரை உறுப்பினர்களாகச் சேர்த்துவிட்டீர்கள். அதில் ஒரு பெண்கூட இல்லை. இந்த முறையும் அதைப் பற்றி யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. நான் கேட்பது ஒன்றுதான்: 1970-களில் உங்கள் களத்தில் கார் ஓட்டிய ஜேனட் கத்ரியை முழு உறுப்பினராகத் தேர்ந்தெடுங்கள்.

அவர் யார் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 2024-ல் அவருக்கு லேண்ட்மார்க் விருது கொடுத்தவர்களே நீங்கள்தான். அதே ஆண்டு ஓட்டுநர் ஜிம்மி ஜான்சன் உறுப்பினரானார். கத்ரியோடு ஒரே களத்தில் ஓடிய டானி அலிசனும் உறுப்பினரானார். கத்ரிக்குக் கிடைத்தது, விளையாட்டுக்குச் செய்த பங்களிப்புக்கான விருது. அவர் என்ன, டிராக் கட்டினாரா, டிக்கெட் விற்றாரா? கார் ஓட்டினார். ஓட்டியவரை ஓட்டுநராகத்தானே கௌரவிக்க வேண்டும்? அந்த விருதை 2015-ல் முதன்முதலில் பெற்றவரும் ஒரு பெண்தான், ஆன் பி. ஃப்ரான்ஸ். ஆண்களும் அதைப் பெற்றிருக்கிறார்கள், உண்மை. ஆனால் ஆண்களுக்கு அது தவிர இன்னொரு கதவும் திறந்திருக்கிறது.

1976 மே மாதம் நடந்ததை மட்டும் ஒருமுறை நினைத்துப் பாருங்கள். இண்டியானாபொலிஸ் 500 பந்தயத்துக்குத் தகுதி பெறும் வேகம் அவருக்குக் கொடுத்த காரில் இல்லை. அந்த நேரத்தில் சார்லட் பந்தயத் தளத்தை நடத்திய ஹம்பி வீலர் அவரை அங்கே நடக்கும் 600 மைல் பந்தயத்துக்கு அழைத்தார், லிண்டா ஃபெரேரி என்ற வங்கி அதிகாரி அவருக்காக ஒரு ஷெவர்லே வாங்கினார். அதுவரை கத்ரி ஸ்டாக் கார் (சாலைக் கார் வடிவிலான பந்தயக் கார்) பந்தயம் ஓட்டியதில்லை. ஒரு பெண்ணால் 600 மைல் தாக்குப்பிடிக்க முடியாது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தக் காலத்துக் கார்களில் பவர் ஸ்டியரிங் கிடையாது. கரோலினா வெயிலில், மூடிய காருக்குள், ஒன்றரை மைல் டிராக்கில் 400 சுற்று. 27-ஆம் இடத்தில் தொடங்கியவர் 15-ஆம் இடத்தில் முடித்தார். விளம்பரத்துக்காகக் கொண்டுவந்த பெண் என்று சொன்னவர்களுக்கு அதற்கு மேல் என்ன பதில் வேண்டும்? அவர் இயற்பியல் பட்டதாரி, விமானத் தொழிலில் பொறியாளராக இருந்தவர், தன்னுடைய ஜாகுவாரின் எஞ்சினைத் தானே பிரித்துக் கட்டியவர். பதின்மூன்று வருடம் ஸ்போர்ட்ஸ் கார் ஓட்டிவிட்டுத்தான் அங்கே வந்தார்.

அடுத்த வருடம் நாஸ்காரின் புகழ்பெற்ற டேடோனா 500 பந்தயம். அந்தப் பந்தயத்தில் ஓடிய முதல் பெண் அவர்தான். 39-ஆம் இடத்தில் கிளம்பி, எட்டாவதாக ஓடிக்கொண்டிருந்தபோது கடைசிப் பத்துச் சுற்றுகளில் எஞ்சினில் இரண்டு சிலிண்டர்கள் போயின. எட்டு சிலிண்டர் காரை ஆறில் ஓட்டி 12-ஆம் இடத்தில் கொண்டுவந்து சேர்த்தார். புதியவர்களில் அவர்தான் முதலிடம். அந்த ஆகஸ்டில் பிரிஸ்டலில் ஆறாம் இடம். அரை மைலுக்குச் சற்றே நீளமான அந்த டிராக்கில் மூச்சுவிடக்கூட நேரம் இருக்காது என்பது உங்களுக்கு நன்றாகவே தெரியும். வருடக் கடைசியில் ஆன்டாரியோவில், நாஸ்காரின் உச்சத் தொடரான கப் தொடரின் பந்தயம் ஒன்றில் முன்னணியிலும் வந்தார். ஆபத்து என்று எல்லோரும் மெதுவாக ஓட்ட வேண்டிய மஞ்சள் கொடியின்போதுதான், ஆனாலும் அதற்கு முன் எந்தப் பெண்ணும் அந்த இடத்தில் இருந்ததில்லை.

1977-ல் 19 கப் பந்தயங்கள் ஓடியவர் அவர். ஆனால் 1976 முதல் 1980 வரை மொத்தமே 33 தான். இந்தக் கணக்கை நீங்கள் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அவரிடம் கைவண்ணம் குறையவில்லை, பணம்தான் வரவில்லை. ஸ்பான்சர் இல்லாமல் டயரும் இல்லை, எஞ்சினும் இல்லை, மெக்கானிக்கும் இல்லை. 1978-ல் தானே குழு அமைத்து, மணிக்கட்டு எலும்பு முறிந்திருப்பதை மறைத்துக்கொண்டு இண்டியானாபொலிஸ் 500-ல் ஒன்பதாவதாக வந்தார். அதைப் பார்த்த பிறகும் நிறுவனங்கள் காசோலைப் புத்தகத்தைத் திறக்கவில்லை. 1980 டேடோனா 500-ல் 11-ஆம் இடம் பிடித்தார். அந்த ஆண்டோடு அவருடைய கப் வாழ்க்கை முடிந்தது. நன்றாக ஓட்டிக்கொண்டிருந்த ஒருவரை, வயதோ விபத்தோ அல்ல, திரும்ப வராத தொலைபேசி அழைப்புகள் ஓய்வுபெற வைத்தன. இது எனக்கு இன்றும் கோபத்தைத் தருகிறது.

அதனால்தான், வெறும் 33 பந்தயம்தானே என்று யாராவது சொன்னால் என்னால் ஏற்க முடியவில்லை. அந்த எண்ணிக்கையைக் குறைத்தது இந்த விளையாட்டும் அதைச் சுற்றியிருந்த நிறுவனங்களும். அந்தக் குறையையே காரணமாகக் காட்டி அவரை வெளியே நிறுத்துவது நியாயமா? அந்த 33-க்குள் ஐந்து முறை முதல் பத்து இடங்களுக்குள் வந்திருக்கிறார். பெண்களில் அந்தக் கணக்கைத் தாண்ட டேனிகா பேட்ரிக்கால் 2015 ஏப்ரலில்தான் முடிந்தது, அதுவும் முன்னணிக் குழு ஒன்றின் காரில். கப் வெற்றி இல்லையே என்பீர்கள். ரே ஹென்ட்ரிக்கும் கப் பந்தயம் ஜெயித்ததில்லை, பந்தயத்துக்காக மாற்றியமைத்த மாடிஃபைட் கார்களில் அவர் சாதித்ததற்காகச் சேர்த்தீர்கள், சரியாகவே செய்தீர்கள். கறுப்பின ஓட்டுநர் வெண்டல் ஸ்காட்டை 2015-ல் சேர்த்தபோது அவருடைய ஒரே கப் வெற்றியை மட்டுமா பார்த்தீர்கள்? அவருக்கு எதிராக இருந்த சுவரையும் பார்த்தீர்கள். அதே கண்ணோடு கத்ரியையும் பாருங்கள்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். 1949-ல் நாஸ்காரின் முதல் ஸ்ட்ரிக்ட்லி ஸ்டாக் (இன்றைய கப் தொடரின் தொடக்கப் பெயர்) பந்தயத்திலேயே சாரா கிறிஸ்டியன் ஓடினார். அதே ஆண்டு பிட்ஸ்பர்க் அருகே அவர் பிடித்த ஐந்தாம் இடம்தான் இன்றுவரை ஒரு பெண் கப் தொடரில் பெற்ற மிக உயர்ந்த இடம். லூயிஸ் ஸ்மித்தும் அந்த ஆண்டிலேயே களத்தில் இருந்தார். அவரை 1999-லேயே சர்வதேச மோட்டார் பந்தய ஹால் ஆஃப் ஃபேம் சேர்த்துக்கொண்டது. 2006-ல் கத்ரியையும் சேர்த்தது. அவருடைய ஹெல்மெட்டும் பந்தய உடையும் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. நாஸ்கார் பிறந்த காலத்திலிருந்தே பெண்கள் ஓட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அவர்கள் ஓடிய களத்தின் சொந்த வீட்டில் மட்டும் இடமில்லை என்றால், அது அவர்களுடைய குறை அல்ல.

கொஞ்சம் கடுமையாகப் பேசிவிட்டேன் என்று நினைத்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்களைப் பகைத்துக்கொள்ள எழுதவில்லை, கேட்கத்தான் எழுதுகிறேன். அவசரம் ஏன் என்பதையும் நீங்களே கண்டீர்கள். கத்ரியைச் சார்லட்டுக்கு அழைத்த ஹம்பி வீலருக்கு 2026-க்கான லேண்ட்மார்க் விருதை 2025 மே மாதம் அறிவித்தீர்கள். ஆகஸ்டில் அவர் காலமானார். மேடையேறி அதை வாங்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. கத்ரி 1938-ல் பிறந்தவர்.

விதியை மாற்றச் சொல்லவில்லை. லேண்ட்மார்க் விருது பெற்றவரையும் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கலாம் என்று உங்கள் விதியிலேயே இருக்கிறது. ரசிகர்களுக்கென்று நீங்கள் கொடுத்திருக்கும் அந்த ஒரு வாக்கும் பட்டியலில் இருக்கும் பெயர்களுக்குத்தான் போட முடியும். ஆகவே முதலில் பரிந்துரைக் குழுவினரைக் கேட்டுக்கொள்கிறேன்: பிற்கால ஓட்டுநர்களுக்கான நவீன காலப் பிரிவில் கத்ரியின் பெயரை அடுத்த வாக்குச்சீட்டில் சேருங்கள். வாக்களிப்பவர்களே, அந்தச் சீட்டு உங்கள் கைக்கு வரும்போது ஜேனட் கத்ரி என்ற பெயருக்கு எதிரே தயவுசெய்து குறியிடுங்கள்.

நன்றியுடன்,
ஒரு பந்தய ரசிகன்