மாராவுக்கு ஆட்களை அழைத்துப்போகும் மகளுக்கு

அன்புள்ள கண்ணுக்கு,

நீ அனுப்பிய பயணத் திட்டத்தை நேற்று இரவு அப்பாவும் நானும் உட்கார்ந்து படித்தோம். கென்யாவின் மாசாய் மாரா வனவிலங்குக் காப்பகம், ஆகஸ்ட் மாதம், பத்துப் பேர். ஒரு குழுவின் முழுப் பொறுப்பும் உன் தலையில் வருவது இதுதான் முதல்முறை. அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. அப்போதே உன் அத்தைக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டார். பெருமை எனக்கும் உண்டு. ஆனால் முதல் பக்கத்தில் இருக்கும் ஒரு வரி என்னைத் தூங்கவிடவில்லை: "சிவிங்கியின் (சீட்டா) வேட்டையை மிக அருகிலிருந்து படம்பிடிப்பது உறுதி." அந்த வரியை எடுத்துவிடு. இந்தக் கடிதமே அதற்காகத்தான்.

ஆள் சேர வேண்டும், ஆள் சேராவிட்டால் பயணமே இல்லை என்று நீ சொல்வாய். நம் ஊர்க்காரர்கள் முதலில் கேட்பதே சிவிங்கியைத்தான் என்பதும் எனக்குத் தெரியும். 1952-இல் இந்தியாவில் அற்றுப்போய்விட்டதாக அறிவிக்கப்பட்ட விலங்கு அது. 2022 செப்டம்பரில் நமீபியாவிலிருந்து எட்டை மத்தியப் பிரதேசத்தின் கூனோ காட்டுக்குக் கொண்டுவந்த பிறகு அந்த ஆசை இன்னும் கூடிவிட்டது. ஆனால் நீ கொடுக்கும் வாக்கை நிறைவேற்ற வேண்டியவர் யார் என்று யோசித்துப் பார். ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும் வழிகாட்டிதான். வெளிநாட்டவருக்கு மாரா காப்பகத்தின் நுழைவுக் கட்டணம் மட்டுமே ஜூலை முதல் டிசம்பர் வரை ஒரு நாளைக்கு 200 டாலர். விமானம், கூடாரம், வண்டி எல்லாம் தனி. இவ்வளவு கொட்டிக் கொடுத்தவர், அதற்குமேல் உன் வாக்கையும் கையில் வைத்திருப்பவர், மூன்றாம் நாளும் சிவிங்கி வேட்டையைப் பார்க்கவில்லை என்றால் வழிகாட்டியின் தோளைத் தட்டத் தொடங்குவார். டிப்ஸை நம்பிக் குடும்பம் நடத்தும் மனிதர் எத்தனை முறைதான் மறுப்பார்?

மாராவில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். ஒரு காலை நேரம், புல் இன்னும் ஈரமாக இருந்தது. எங்கள் வழிகாட்டி ஓர் இடத்தில் வண்டியை நிறுத்தி எஞ்சினை அணைத்தார். எங்கள் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. தொலைவில் ஒரு டோப்பி மான் கரையான் புற்றின்மேல் அசையாமல் நின்றுகொண்டிருந்தது. சுற்றியிருந்த தாம்சன் மான்கள் எல்லாம் மேய்வதை விட்டுவிட்டு ஒரே திசையில் முகம் வைத்திருந்தன. அவர் அந்தத் திசையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். சற்று நேரத்தில் புல்லுக்குள்ளிருந்து ஒரு தாய்ச் சிவிங்கி தலையைத் தூக்கியது. ஓட்டம் சில நொடிதான். மானின் தொண்டையைக் கவ்வியபடி அது படுத்துவிட்டது. விலா எலும்புகள் ஏறி இறங்குவது லென்ஸில் தெளிவாகத் தெரிந்தது. மூச்சு அடங்கும்வரை அதனால் ஒரு வாய்கூடத் தின்ன முடியாது. பிறகு தலையைத் திருப்பிக் குட்டிகளைக் கூப்பிட்டது. குருவி கத்துவதுபோல ஒரு சிறு குரல். இவ்வளவு பெரிய விலங்கிடமிருந்து அப்படி ஒரு குரல் வரும் என்று கேட்காதவர்கள் நம்பமாட்டார்கள். பிடரியில் சாம்பல் நிற முடி சிலிர்த்து நிற்க, மூன்று குட்டிகள் புல்லைப் பிளந்துகொண்டு ஓடிவந்தன.

அதற்குள் ஓட்டுநர்களின் வயர்லெஸ்ஸில் செய்தி பரவிவிட்டது. ஒவ்வொன்றாக வண்டிகள் வந்தன. ஒரு விலங்கைச் சுற்றி ஐந்து வண்டிக்குமேல் நிற்கக் கூடாது, குறைந்தது 25 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும், காப்பகத்துக்குள் பாதையை விட்டு இறங்கக் கூடாது என்பதெல்லாம் அங்கே எல்லா ஓட்டுநருக்கும் தெரிந்த விதிகள். ஆனாலும் வண்டிகள் வட்டமாகச் சூழ்ந்துகொண்டன. எங்கள் வண்டியில் இருந்த என் பயணி ஒருவரும் "இன்னும் கொஞ்சம் முன்னால் போகச் சொல்லுங்கள்" என்றார். வழிகாட்டி வாய் திறக்கவில்லை. கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தார். பின்னால் எடுக்கச் சொன்னேன். நான் சொல்லி முடிப்பதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது. அந்த வார்த்தைக்காகவே அவர் காத்திருந்திருக்கிறார். நாங்கள் விலகி நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே வண்டிகளின் இடைவெளி வழியாக ஒரு கழுதைப்புலி நேராக வந்தது. சிவிங்கி எதிர்த்து நிற்கவே இல்லை. இரையை அப்படியே விட்டுவிட்டுக் குட்டிகளைக் கூட்டிக்கொண்டு நடந்துவிட்டது. வண்டிகள் கூடும் இடத்தில் இரை இருக்கும் என்பதைக் கழுதைப்புலிகள் கற்றுக்கொண்டுவிட்டன என்று வழிகாட்டி சொன்னார். முன்னால் போகச் சொன்னவர் அதன்பின் என்னோடு முகங்கொடுத்துப் பேசவில்லை, மறுபடி என் பயணங்களுக்கு வரவும் இல்லை. அதில் எனக்கு வருத்தம் எதுவும் கிடையாது.

இது ஏதோ ஓர் அம்மாவின் இரக்கம் என்று நினைத்துவிடாதே. மாராவில் பல ஆண்டுகள் சிவிங்கிகளைத் தொடர்ந்து ஆராய்ந்த ஃபெம்கே புரூக்ஹூய்ஸ் 2018-இல் வெளியிட்ட ஆய்வு இருக்கிறது. சுற்றுலா வண்டிகள் குறைவாக இருக்கும் பகுதிகளில் ஒரு தாய்ச் சிவிங்கி ஓர் ஈற்றில் சராசரியாக 2.3 குட்டிகளை வளர்த்து ஆளாக்குகிறது. வண்டிகள் மொய்க்கும் பகுதிகளில் அந்தச் சராசரி வெறும் 0.2. எந்த வண்டியும் குட்டியின்மேல் ஏறுவதில்லை. வேட்டை கெடுகிறது, பிடித்த இரை பறிபோகிறது, தாய் பதற்றத்தோடு இடம் மாறிக்கொண்டே இருக்கிறது. குட்டிகள் ஒவ்வொன்றாகக் குறைந்துபோகின்றன. அந்த இரண்டு எண்களையும் உன் அறிவிப்பின் முதல் பக்கத்தில் போடு. படித்த பிறகும் வருகிறேன் என்று சொல்பவர்கள்தான் உனக்கு வேண்டியவர்கள்.

அடுத்தது வழிகாட்டி. திட்டத்தில் தங்குமிடத்துக்கு ஒரு பக்கம் முழுதும் ஒதுக்கியிருக்கிறாய், வழிகாட்டியைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. படுக்கை எப்படி இருந்தாலும் படம் கிடைக்கும். வழிகாட்டி சரியில்லாவிட்டால் எந்த லென்ஸும் உதவாது. கென்யாவில் சஃபாரி வழிகாட்டிகளுக்கென்று தொழில்முறைச் சங்கம் இருக்கிறது. வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று படிப்படியாகத் தேர்வு வைக்கிறார்கள். தங்கம் வாங்கியவர்கள் மிகச் சிலர். வெள்ளி பெற்றவரே உன் குழுவுக்கு நிறைவாகப் போதும். ஆனால் ஒன்று கேட்டுக்கொள்: அவர் புகைப்படக்காரர்களோடு வேலை செய்து பழகியவரா? விலங்கைக் கண்டுபிடிப்பது ஒரு திறமை. அது எந்தப் பக்கம் நடக்கும், வெயில் எங்கே விழும் என்று முன்கூட்டியே கணித்து, வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தி, விலங்கு தானாக நம்மை நோக்கி வரும்வரை எஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருப்பது வேறு திறமை. அப்படிப்பட்ட மாசாய் வழிகாட்டிகள் சிலரோடு நான் போயிருக்கிறேன். அந்தப் புல்வெளியிலேயே மாடு மேய்த்து வளர்ந்தவர்கள் பார்ப்பதை நாம் தொலைநோக்கியில்கூடப் பார்ப்பதில்லை. முதல் நாள் மாலையிலேயே அவரைத் தனியாகச் சந்தித்து, குழுவின் முன்னாலும் ஒருமுறை, இப்படிச் சொல்லிவிடு: "நீங்கள் போதும் என்றால் போதும். யார் கேட்டாலும் என்னைக் கேட்கச் சொல்லுங்கள்." டிப்ஸை எல்லாரிடமும் முதலிலேயே வாங்கி உன்னிடம் வைத்துக்கொள். எந்த விருந்தினரும் அதைக் காட்டி அவரை வளைக்க முடியாது.

வண்டிக்கு ஆறு பேர் என்று போட்டிருக்கிறாய். மூன்று பேருக்குமேல் ஏற்றாதே. ஆளுக்கு ஒரு வரிசை, இரண்டு பக்க ஜன்னலும் அவருக்கு. ஆறு பேர் என்றால் மூவருக்குப் படம் கிடைக்கும், மூவருக்கு எரிச்சல் கிடைக்கும். அந்த எரிச்சல் எங்கே போய்ச் சேரும் என்று மேலே சொல்லிவிட்டேன். செலவு கூடும். கூடட்டும். தங்குமிடத்தில் ஒரு நட்சத்திரத்தைக் குறைத்துக்கொள்.

எல்லா நாளையும் காப்பகத்துக்குள்ளேயே வைத்திருப்பதும் எனக்குப் பிடிக்கவில்லை. பாதி நாட்களை வடக்கே உள்ள நாபோயிஷோ அல்லது ஒலாரே மொடொரோகி போன்ற தனிக் காப்பு நிலங்களுக்கு மாற்று. மாசாய்க் குடும்பங்களின் சொந்த நிலம் அது. அவர்கள் குத்தகைக்கு விட்டு வாடகை வாங்குகிறார்கள். கூடாரங்களுக்குக் கட்டுப்பாடு இருப்பதால் வண்டிகளும் குறைவு. அங்கே பாதையை விட்டு இறங்கவும் அனுமதி உண்டு. காப்பகத்தில் விதியை மீறினால்தான் கிடைக்கும் கோணம், அங்கே விதிக்குள்ளேயே கிடைக்கும்.

மாரா ஆற்றை வில்டபீஸ்ட்கள் (மாடுபோல் இருக்கும் பெரிய மான்கள்) கடப்பதைப் பார்க்க மட்டும் காப்பகத்துக்கு வரத்தான் வேண்டும். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வில்டபீஸ்ட்களும் லட்சக்கணக்கான வரிக்குதிரைகளும் மழையையும் புல்லையும் தொடர்ந்து செரெங்கெட்டியைச் சுற்றிவரும் நீண்ட நடையில், ஆகஸ்ட் மாதம் ஆற்றங்கரைக்கு உரியது. அதற்கும் நேரம் குறிக்காதே. கரைக்கு வரும், முகர்ந்து பார்க்கும், ஒன்று மிரண்டால் எல்லாம் திரும்பி ஓடும். நான்கு மணி நேரம் காத்திருந்து ஒன்றும் நடக்காமல் திரும்பும் நாளும் உண்டு. முதல் விலங்கு தண்ணீரில் இறங்கும்வரை வண்டிகள் கரையை விட்டுப் பின்னால் நிற்க வேண்டும். 2025 ஜூலையில், எல்லைக்கு அந்தப் பக்கம் தான்சானியாவில், பயணிகள் வண்டியை விட்டு இறங்கிப்போய்க் கரையில் கூட்டமாக நின்ற காணொளியை நீயே எனக்கு அனுப்பினாய். அந்தக் கூட்டத்தில் இருந்தவர்களுக்கும் யாரோ "உறுதி" என்று சொல்லித்தான் அழைத்து வந்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றியது.

படம்பிடிப்பதைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. குழுவுக்குச் சொல்ல வேண்டியவை சில. நிலநடுக்கோட்டுக்கு அருகே என்பதால் ஆறரை மணிவாக்கில் சூரியன் எழும், விறுவிறுவென்று ஏறிவிடும். ஒன்பது மணிக்குமேல் தரையிலிருந்து எழும் அனல் பெரிய லென்ஸில் எல்லாவற்றையும் குழைத்துவிடும். எத்தனை லட்சம் ரூபாய் லென்ஸ் ஆனாலும் தப்பாது. அந்த நேரத்தில் பக்கத்தில் இருப்பதைப் பார்க்கச் சொல். நம் பனங்காடையின் உறவான ஊதா மார்புப் பறவை ஒன்று வேலமரக் கிளையில் உட்கார்ந்திருக்கும். சிங்கத்தைத் தேடி ஓடும் வண்டிகள் அதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. முக்காலி வேண்டாம், ஜன்னல் விளிம்பில் வைக்க ஆளுக்கு ஒரு பீன் பேக், அதாவது தானியம் அடைத்த சிறு பை, போதும். அதைக் காலியாகக் கொண்டுபோய் அங்கே அரிசியோ பயறோ வாங்கி நிரப்பிக்கொள்ளலாம். நைரோபியின் வில்சன் விமான நிலையத்திலிருந்து போகும் சிறிய விமானத்தில் கேமராவையும் சேர்த்து 15 கிலோதான் அனுமதி, அதுவும் மெத்தென்ற பையில். புழுதியில் லென்ஸ் மாற்ற வேண்டாம்.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைத் திட்டத்தில் எங்கேயும் காணவில்லை. பயணத்துக்குப் பத்து நாள் முன்பாவது போட்டிருக்க வேண்டும், சான்றிதழ் இல்லாவிட்டால் திரும்பி வரும்போது இங்கே நம் விமான நிலையத்தில் சிக்கல். சென்னைக்காரர்கள் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போட்டுக்கொள்ளலாம். முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு போகச் சொல். கென்யாவில் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை இருப்பதையும் எழுதிவிடு.

என்னுடைய பழைய 100-400 லென்ஸைச் சுத்தம் செய்து வைத்திருக்கிறேன், மாற்று லென்ஸாக எடுத்துப் போ. திட்டத்தைத் திருத்தி ஞாயிற்றுக்கிழமைக்குள் எனக்கு அனுப்பு. அதற்கு முன் யாரிடமும் முன்பணம் வாங்காதே. ஏற்கெனவே வாங்கியிருந்தால் அவர்களை ஒவ்வொருவராகப் போனில் கூப்பிட்டு, அந்த வரியை எடுத்துவிட்டதையும் ஏன் எடுத்தாய் என்பதையும் சொல். வேண்டாம் என்பவருக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடு. எட்டுப் பேரோடு போனாலும் பரவாயில்லை. குறைவதை அப்பாவும் நானும் பார்த்துக்கொள்கிறோம்.

அன்புடன்,
அம்மா