புயல் முகாம்களில் பெண்களுக்குக் கழிப்பறை, விளக்கு, மருத்துவ வசதி கோரும் மனு

அனுப்புநர்:
மகளிர் சுய உதவிக் குழுப் பெண்கள்,
வேதாரண்யம் வட்டம், நாகப்பட்டினம் மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
நாகப்பட்டினம்.

பொருள்: பருவமழைக்கு முன் நிவாரண முகாம்களில் பெண்களுக்கான ஏற்பாடுகள் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய அய்யா / அம்மா,

வணக்கம். 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் கரையைக் கடந்தபோது எங்கள் வீடுகளின் கூரை போயிற்று. பதினோரு நாள் பள்ளிக்கூடத்தில் தங்கினோம். வேளாவேளைக்குச் சோறு வந்தது. அதற்கு இன்றும் நன்றியோடு இருக்கிறோம்.

ஆனால் முந்நூறு பேருக்கு இரண்டே கழிப்பறைகள். ஒன்றுக்குக் கதவில்லை, மற்றதற்குத் தாழ்ப்பாள் இல்லை. கரண்ட் இல்லாத இருட்டில், சாய்ந்த மரங்களைத் தாண்டிப் போக வேண்டும். குடித்துவிட்டுச் சிலர் சுற்றி வருவார்கள். அதனால் பொழுது சாய்ந்ததும் நாங்கள் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திக்கொண்டோம். பலருக்கு நீர்க்கடுப்பும் காய்ச்சலும் வந்தன. மருத்துவ முகாமில் அத்தனை பேர் நடுவே அதைச் சொல்லக் கூசி, வீடு திரும்பிய பிறகும் வலியோடு கிடந்தவர்கள் உண்டு.

மாதவிலக்கு வந்தவர்கள் பட்டது தனி. கிழித்து வைத்துக்கொள்ளக் காய்ந்த சேலைகூட இல்லை. ஈரத்துணியால் தொடையெல்லாம் புண். வந்த வண்டியில் அரிசி, பாய், போர்வை, மெழுகுவத்தி எல்லாம் இருந்தன, நாப்கின் இல்லை. கொடுத்தவர்களும் கணக்கு எழுதியவர்களும் ஆண்கள். யாரிடம் கேட்பது?

நிறைமாதப் பெண் ஒருத்தியை, வழியில் கிடந்த மரங்களை வெட்டி வெட்டி டிராக்டரில் கொண்டுபோனோம். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். அவளுடைய பிரசவத் தேதி கிராம சுகாதாரச் செவிலியரின் பதிவேட்டில் முன்பே இருந்ததுதான். எச்சரிக்கை வந்த அன்றே ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கலாம். இனி எட்டு, ஒன்பது மாதக் கர்ப்பிணிகளை அப்படிச் சேர்க்கத் தாங்கள் உத்தரவிட வேண்டும்.

முப்பது பேருக்கு ஒரு கழிப்பறை, பெண்களுக்குத் தனியாகக் கழிப்பறையும் குளியலிடமும், நாப்கின் என்று தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2016இல் வெளியிட்ட நெறிமுறைகளே சொல்கின்றன. புதிதாக எதையும் நாங்கள் கேட்கவில்லை. முகாமாகும் ஒவ்வொரு பள்ளியிலும் அக்டோபருக்குள் இவை தயாராக வேண்டும். உள்தாழ்ப்பாளும் சோலார் விளக்கும் மிக அவசியம். அரிசி மூட்டை இருக்கும் அறையிலேயே நாப்கினும் இருக்கட்டும்; அதை வழங்கும் பொறுப்பை எங்கள் குழுக்களிடம் கொடுங்கள், சம்பளம் வேண்டாம்.

இரவில் பெண் காவலர் ஒருவராவது முகாமில் இருக்க வேண்டும். பெண்களுக்கென 181 என்ற உதவி எண் இருக்கிறது. ஆனால் செல்போன் கோபுரமே சாய்ந்து கிடக்கும் ஊரில் அந்த எண்ணை எதில் அழைப்பது?

அதிகாரிகள் முகாம் பள்ளிகளைப் பார்வையிட வரும் நாளில் எங்களில் இருவரையும் உடன் அழைத்துச் செல்லுமாறு கேட்டுக்கொள்கிறோம். எந்தக் கதவு சாத்தாது என்று காட்டுகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
குழு உறுப்பினர்கள்
(கையொப்பங்கள் இணைப்பில்)