ஓவியச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, சக உறுப்பினர்களே, வணக்கம்.

யாரிடமும் ஓவியம் பயிலாத ஒருவரை எடுத்துக்கொண்டு ஆண்டு முழுவதும் பார்ப்போம் என்று சென்ற பொதுக்குழுவில் முடிவு செய்தோம். பெரும்பாலானோர் அமெரிக்க ஓவியர் கிராண்ட்மா மோசஸைக் கேட்டார்கள். நம் மாதக் கூட்டங்கள் பெரும்பாலும் அவருக்கே செலவாயின. இந்த அறிக்கையும் அப்படித்தான்.

இயற்பெயர் அன்னா மேரி ராபர்ட்சன். 1860இல் நியூயார்க் மாநிலத்தின் கிரீன்விச்சில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். 12 வயதிலேயே பிறர் வீட்டு வேலைக்குப் போய்விட்டார். 1887இல் தாமஸ் சால்மன் மோசஸை மணந்து, வர்ஜீனியாவில் பண்ணை வேலை பார்த்தார். பிறந்த 10 பிள்ளைகளில் 5 பேர்தான் தங்கினார்கள். 1905இல் குடும்பம் நியூயார்க் திரும்பி ஈகிள் பிரிட்ஜில் குடியேறியது. கணவர் 1927இல் காலமானார்.

கம்பளி நூலில் படம் தைத்துக்கொண்டிருந்தவருக்கு மூட்டுவாதத்தால் ஊசி பிடிப்பது கஷ்டமாயிற்று. தூரிகை பிடிப்பது சுலபம் என்று தங்கை சொல்ல, எழுபது வயதைத் தாண்டிய பிறகு வண்ணத்துக்கு மாறினார். 1938இல் ஹூசிக் ஃபால்ஸ் ஊரின் மருந்துக்கடை ஜன்னலில் இருந்த அவர் படங்களை லூயி கால்டர் என்ற சேகரிப்பாளர் பார்த்து வாங்கினார். 1940 அக்டோபரில் நியூயார்க் நகரில் ஓட்டோ கல்லிர் தன் கலைக்கூடத்தில் முதல் தனிக்கண்காட்சியை நடத்தினார். அப்போது மோசஸுக்கு வயது 80.

வயதைப் பற்றிய இந்தக் கதையைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். எங்களை அதிகம் ஈர்த்தது அவருடைய வேலைமுறை. பலகைக்கு முதலில் வெள்ளை பூசிக் காயவைப்பார். பிறகு மேலிருந்து கீழே வருவார்: வானம், மலை, அப்புறம் மரம், வீடு, கால்நடை, கடைசியில் மனிதர்கள். பத்திரிகைகளிலிருந்து வெட்டிவைத்த படங்களைப் பார்த்து உருவங்களை அமைப்பார். பனி மின்ன வேண்டும் என்பதற்காக மினுக்குத் தூளும் தூவுவார். கற்றுக்கொடுக்க ஆளில்லை என்பதால் மனம்போன போக்கில் வரைந்தார் என்று எழுதுவது அவருக்குச் செய்யும் அநியாயம். நூலை நூலுக்கு அருகில் வைத்து நிறம் பார்த்துப் பழகிய கண் அது.

1943இல் வரைந்த 'சுகரிங் ஆஃப்' படத்தின் முன் ஒரு கூட்டம் முழுவதும் கழிந்தது. மேப்பிள் மரத்தின் இனிப்புச் சாற்றைப் பாகாகக் காய்ச்சும் காட்சி. பனித் தரையில் சிலர் வாளி சுமக்கிறார்கள், சிலர் காய்ச்சுகிறார்கள், பாகு எப்போது கிடைக்கும் என்று பிள்ளைகள் காத்திருக்கிறார்கள். கண் எங்கே போனாலும் அங்கே ஒரு வேலை நடக்கிறது.

இவர் படங்களில் டிராக்டரோ மின்கம்பமோ இருக்காது. பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய் துக்கத்தை ஏன் வரையவில்லை என்று உறுப்பினர்கள் சிலர் கேட்டார்கள். நல்ல கேள்வி. வாதம் சூடாகவே நடந்தது. என் எண்ணம் இதுதான்: எதை வைப்பது, எதை விடுவது என்று அவர் தெரிந்தே தேர்ந்தார். அப்படித் தேர்ந்து 1,500க்கும் மேற்பட்ட படங்கள் வரைந்தார். 1961 டிசம்பர் 13 அன்று 101 வயதில் மறைந்தார்.

கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். உறுப்பினர் கண்காட்சி வழக்கம்போல நடந்தது. ஆனால் நினைவிலிருந்து வரைந்த படங்கள் குறைவு. வரும் ஆண்டில் அதற்கென ஒரு பகுதி ஒதுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அடுத்துப் பார்க்க, கறுப்பு எண்ணெய்த் துணியில் வரைந்த ஜார்ஜியா நாட்டு ஓவியர் நிகோ பிரோஸ்மானியை செயற்குழு முன்மொழிகிறது. இரண்டுக்கும் பொதுக்குழுவின் ஒப்புதலைக் கோருகிறேன்.

செயலாளர்