அக்கா, அன்றைக்கு நான் தூங்கவில்லை

அக்கா,

இன்றோடு அம்மா போய் ஒரு வருஷம். காலையிலேயே கோயிலுக்குப் போய் ஸ்தோத்திரக் காணிக்கை கொடுத்திருப்பாய், சபைப் போதகர் அம்மா பேரைச் சொல்லி ஜெபித்திருப்பார். நான் நைட் ஷிப்ட் முடிந்து வந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். போனில் நாம் இரண்டு பேரும் "சாப்பிட்டியா" என்பதைத் தாண்டுவதே இல்லை, அதனால்தான் இங்கே. சபைக்காரர்களும் சித்தி வீட்டுப் பிள்ளைகளும் வாசிப்பார்கள் என்று தெரியும், வீட்டு விஷயத்தை நீட்ட மாட்டேன். பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன், உன் பேருக்குத்தான். அதற்கு மேல் யாருக்கும் எதுவும் தெரிய வேண்டாம்.

ஒரு ராத்திரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மா படுத்து நாலாவது வருஷம், கிறிஸ்துமஸ் லீவு. ஹாலில் பாய் விரித்துப் படுத்திருந்தேன். இரண்டு மணிக்கு உன் அலாரம் அடித்தது, அம்மாவைப் புரட்டிப் போடுகிற நேரம். நீ எழுந்து லைட்டைப் போட்டாய், ஆனால் உடனே அம்மா பக்கம் போகவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து வேதத்தைத் திறந்து, சத்தமாகவே, யாரையோ சண்டைக்கு இழுக்கிற குரலில் வாசித்தாய். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்." பதின்மூன்றாம் சங்கீதம். ஆறே வசனம்தான் அதில். நீ நாலாம் வசனத்தோடு புத்தகத்தைப் பட்டென்று மூடிவிட்டாய். அப்புறம் அம்மாவின் தோளுக்கடியில் ஒரு கை, இடுப்புக்கடியில் ஒரு கை கொடுத்துப் புரட்டினாய், ரப்பர் ஷீட்டைச் சுருக்கமில்லாமல் இழுத்துவிட்டாய், முதுகில் புண் இருந்த இடத்தைத் துடைத்து அதைச் சுற்றிப் பவுடர் போட்டாய். எல்லாம் முடிந்த பிறகு உன் இடது கையை வலது கையால் பிசைந்துகொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றாய்.

நான் தூங்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். எழுந்து வந்து ஒரு பக்கம் பிடித்திருக்கலாம், பிடிக்கவில்லை. மன்னித்துக்கொள், அக்கா.

பஸ் பிடித்து வந்த களைப்பு என்று மறுநாள் காலையில் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரு மாசம்கூடத் தவறாமல் பணம் அனுப்பினேன் என்பதும் உண்மைதானே? ஏர் பெட், டாக்டர் செலவு, எதற்கும் நீ இரண்டாவது தடவை கேட்க நான் விட்டதில்லை. சொல்லிக்காட்டக் கூடாதுதான், ஆனால் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. முதல் வருஷம் நான் பஞ்சையும் வெந்நீரையும் எடுத்துக்கொண்டு அம்மா பக்கத்தில் உட்கார்ந்தபோது, "ஆம்பளப் பிள்ளைக்கு இதெல்லாம் சரிப்படாது, எந்திலே" என்று கையிலிருந்து பிடுங்கினாயே, அது ஞாபகம் இருக்கிறதா? அதோடு நான் அந்த வீட்டுக்கு விருந்தாளி ஆகிவிட்டேன். சாப்பிட்டேன், ஜெபத்தில் முழங்கால் போட்டேன், கிளம்பினேன். என்னை வெளியே நிறுத்தியதில் உனக்கும் பங்கு உண்டு.

அடக்கத்தன்று ஒருத்தர் விடாமல் உன் பொறுமையைப் பற்றியே பேசினார்கள். முணுமுணுக்காமல் சுமந்தாளாம். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. நீ முணுமுணுத்தாய், நான் கேட்டேன். அந்த ராத்திரி உன் விசுவாசம் போய்விட்டது என்றுகூட நினைத்துப் பயந்தேன், அதை யாரிடமும் சொன்னதில்லை. சமாதானம் என்றால் மனசுக்குள் ஒரு சத்தமும் இல்லாமல் இருப்பது என்று ஓய்வுநாள் பள்ளி நாளிலிருந்தே நினைத்துக்கொண்டிருந்தவன் நான்.

போன மாசம் ஊர்ப்பக்கம் வந்தேன், உன்னிடம் சொல்லவில்லை. நேரே டோனாவூருக்குப் போனேன். அங்கே ஆதரவற்ற பிள்ளைகளை வளர்த்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மாவின் கதையைச் சின்ன வயசில் நீதானே சொல்வாய்? 1931-இல் களக்காட்டில் குழிக்குள் விழுந்தவர், 1951-இல் இறக்கும்வரை ஏறக்குறைய இருபது வருஷம் படுக்கையோடுதான். அங்கிருந்தபடியே எத்தனை புத்தகங்கள் எழுதினார் என்று நீ ஆச்சரியப்படுவாய். கல்லறையில் பேர் இல்லை, பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு கல்தொட்டி, அதில் அம்மாவைக் கூப்பிடுகிற ஒரே சொல். அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வேறு ஆட்கள்தான் மனசில் வந்தார்கள். இருபது வருஷமும் அவரைத் துடைத்து, தலையணை மாற்றி, ராத்திரியில் எழுந்து தண்ணீர் கொடுத்தவர்கள். படுத்திருந்தவரின் விசுவாசத்தைப் பற்றி நாம் எவ்வளவோ பேசுகிறோம். பக்கத்தில் நின்றவர்களுக்கு எத்தனை ராத்திரி நாலாம் வசனத்தோடு புத்தகத்தை மூடத் தோன்றியிருக்கும்?

"சமாதானத்தை உங்களுக்கு வைத்துப்போகிறேன்" என்று இயேசு சொன்னது பிடிபடப்போகிற அதே ராத்திரியில்தான், அக்கா. அதைச் சொன்ன சில மணி நேரத்தில் கெத்செமனேயில், "என் ஆத்துமா மரணத்துக்கேதுவான துக்கங்கொண்டிருக்கிறது" என்கிறார். இரண்டும் ஒரே வாயிலிருந்து வந்த வார்த்தைகள். இதை எத்தனையோ பெரிய வெள்ளியில் கேட்டிருக்கிறேன், உறைக்கவே இல்லை. நீ ஸ்டூலில் உட்கார்ந்து ஆண்டவரோடு சண்டை போட்டதும், அடுத்த நிமிஷம் அம்மாவின் முதுகைத் துடைத்ததும் வேறு வேறு இல்லை என்பது எனக்கு இப்போதுதான் புரிகிறது.

அம்மா போன பிறகு எனக்கும் ராத்திரி தூக்கம் சரியில்லை. ஷிப்ட் இல்லாத நாளிலும் இரண்டு மணிக்கு முழிப்பு வந்துவிடுகிறது. அந்தச் சங்கீதத்தை வாசிக்கிறேன். ரொம்ப நாள் நானும் நாலிலேயே நின்றேன். "நான் உம்முடைய கிருபையின்மேல் நம்பிக்கையாயிருக்கிறேன்" என்கிற அஞ்சாம் வசனத்துக்குப் போன பங்குனியில் ஒரு நாள்தான் வந்தேன், அதுவும் அழுதுகொண்டே. எல்லா நாளும் வருவதில்லை. வருகிற நாளில் விடியும்வரை தூங்குகிறேன்.

நீ எப்போது அந்தக் கடைசி இரண்டு வசனத்தை வாசித்தாய்? அதே ராத்திரி, நான் நிஜமாகவே தூங்கின பிறகா? இல்லை, இன்னும் வாசிக்கவே இல்லையா? எப்படி இருந்தாலும் பரவாயில்லை.

புரட்டிப் போட ஆள் இல்லாவிட்டாலும் நீ இன்னும் இரண்டு மணிக்கு எழுந்துவிடுகிறாய் என்று சித்தி சொன்னாள். இன்றைக்கு அந்த நேரத்துக்குக் கூப்பிடுகிறேன். எடு, அக்கா.