எரிந்த ஆயில் வாடையும் கழற்றப்படாத பிரீதரும்: லாரி சர்வீஸ் நிறுவனத்துக்கு ஒரு புகார்க் கடிதம்

அனுப்புநர்:
லாரி உரிமையாளர் மற்றும் ஓட்டுநர்,
மணலி, சென்னை – 600 068.

பெறுநர்:
பொது மேலாளர் (வாடிக்கையாளர் சேவை),
கனரக வாகனப் பராமரிப்பு நிறுவனம்,
தலைமை அலுவலகம், சென்னை.

பொருள்: 2011 மாடல் லாரியில் எரிந்த ஆயில் வாடை – வடசென்னைக் கிளையில் பழுது சரிவர நீக்கப்படாமை – செய்யாத வேலைக்குக் கட்டணம் பெற்றது – தொகையைத் திரும்பக் கோருதல் தொடர்பாக.

பார்வை: 1) முதல் பில், ரூ.14,860. 2) இரண்டாவது பில், ரூ.9,240. 3) எஞ்சின் ஓவர்ஹால் மதிப்பீடு, ரூ.2,35,000.

ஐயா,

வணக்கம். மணலி கன்டெய்னர் யார்டுகளிலிருந்து எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கும் காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்கும் பெட்டி ஏற்றிச் செல்லும் லாரி ஒன்றை, உரிமையாளராகவும் ஓட்டுநராகவும் நானே இருந்து இயக்கி வருகிறேன். ஆறு சிலிண்டர் டர்போ டீசல் எஞ்சின் கொண்ட அந்த வண்டிக்கு ஆரம்பம் முதல் உங்கள் வடசென்னைக் கிளையிலேயே சர்வீஸ் செய்து வந்திருக்கிறேன். அந்தக் கிளையில் அண்மையில் நடந்ததைக் கிளை மேலாளரிடம் நேரிலும் தொலைபேசியிலும் முறையிட்டும் தக்க பதில் கிடைக்காததால் இக்கடிதத்தை உங்களுக்கு எழுதுகிறேன்.

லோடுடன் ஓடி வந்து துறைமுக வாயில் வரிசையிலோ சிக்னலிலோ வண்டி நின்றதும், சிறிது நேரத்தில் எரிந்த எஞ்சின் ஆயிலின் வாடை கேபினுக்குள் ஏறும். இதுவே நான் சொன்ன குறை. ஓட்டத்தில் வாடை தெரியாது. காலி வண்டியாகத் திரும்பும்போது மிகவும் குறைவு. கிளட்ச் பிளேட் கருகும் வாடையையும், பிரேக் லைனர் சூடேறும் வாடையையும், கூலன்ட் கசிந்தால் எழும் தித்திப்பான ஆவியையும் பழைய வண்டி ஓட்டுகிறவர்கள் மூக்காலேயே பிரித்துவிடுவார்கள். இது அவற்றில் எதுவும் இல்லை. சைலன்சரில் நீலப் புகை கிடையாது, ரேடியேட்டரில் தண்ணீர் குறையவில்லை, டிப் ஸ்டிக்கில் ஆயில் மட்டம் மட்டும் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. இவ்வளவையும் வண்டியை விடும்போதே உங்கள் சர்வீஸ் அட்வைசரிடம் நிதானமாகச் சொன்னேன். ஜாப் கார்டில் அவர் எழுதிக்கொண்டது ‘ஆயில் ஸ்மெல்’ என்பது மட்டுமே.

முதல் முறை டேப்பட் கவரின் (எஞ்சினின் மேல்மூடி) பேக்கிங், அதாவது மூடியின் ஓரத்தில் ஆயில் கசியாமல் தடுக்கும் ரப்பர் பட்டை மாற்றப்பட்டு, எஞ்சின் கழுவப்பட்டு, ஆயிலும் ஃபில்டரும் புதிதாகப் போடப்பட்டன. பேக்கிங் மாற்றியதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை; வயதான எஞ்சினில் ரப்பர் பேக்கிங் வெப்பத்தில் காய்ந்து விறைத்துப்போவது இயல்பு, முதலில் பார்க்க வேண்டிய இடமும் அதுதான். ஆனால் அந்தப் பேக்கிங் எந்த இடத்தில், எதனால் விட்டது என்பதை யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை. பழைய பேக்கிங்கைக் கேட்டபோது குப்பையில் போட்டுவிட்டதாகச் சொன்னார்கள். அந்தப் பில்லில், ‘பிரீதர் கழற்றிச் சுத்தம் செய்தல் – ரூ.650’ என்றொரு வரி (பிரீதர் என்பது எஞ்சினுக்குள் சேரும் வாயு வெளியேறும் வழி) இருப்பதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அதற்கு வருகிறேன்.

லோடு ஏற்றி மீஞ்சூர்–வண்டலூர் வெளிவட்டச் சாலையில் ஓடி வந்து நின்றதுமே வாடை திரும்பிவிட்டது. மறுபடியும் வண்டியைக் கொண்டுவந்து விட்டேன். இம்முறை அதே டேப்பட் கவரைக் கழற்றி, இன்னொரு பேக்கிங் வைத்து, அதன்மேல் சீலண்ட் பேஸ்டையும் தாராளமாகப் பூசி, போல்ட்டுகளை அளவுக்கு மேல் முறுக்கி அனுப்பினார்கள். தகட்டு மூடியில் போல்ட்டை அப்படி முறுக்கினால் போல்ட் இருக்கும் இடம் குழிந்து, இரண்டு போல்ட்டுகளுக்கு நடுவில் மூடி மேலெழும்பி, பேக்கிங் முன்பைவிட எளிதாகவே விடும். வெளியே பிதுங்கி நிற்கும் பேஸ்ட் உள்ளேயும் அதே அளவுக்குப் பிதுங்கியிருக்கும். அது துண்டு துண்டாக உதிர்ந்து, எஞ்சினின் அடியில் ஆயில் தங்கும் தொட்டியான சம்ப்பில் விழுந்தால் ஆயில் உறிஞ்சும் சல்லடையை அடைக்கக்கூடியது. சர்வீஸ் நடத்துகிற நிறுவனத்துக்கு இதை ஒரு லாரி ஓட்டுநர் எழுதிச் சொல்ல வேண்டியிருப்பது எனக்கே சங்கடமாகத்தான் இருக்கிறது.

மூன்றாவதாகச் சென்றபோது, வண்டியின் அடியில் குனிந்து பார்த்த உங்கள் ஃபோர்மேன், “கீழே ஒரு சொட்டுகூட இல்லை, அப்படியானால் லீக் இல்லை, ஆயில் எஞ்சினுக்குள்ளேதான் எரிகிறது” என்றார். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, அதன் வழியே புகையும் காற்றும் பலமாக வருவதைக் காட்டி, பேக் கம்ப்ரஷன் (பிஸ்டனைக் கடந்து கீழே இறங்கும் வாயு) அதிகம், பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது, டர்போ சீலும் பலவீனம் என்று முடிவுசெய்து, எஞ்சின் ஓவர்ஹாலுக்கும் டர்போ மாற்றத்துக்கும் சேர்த்து ரூ.2,35,000-க்கு மதிப்பீடு எழுதிக் கொடுத்தார். ஒரு சிலிண்டரில்கூட கம்ப்ரஷன் கேஜ் வைத்துப் பார்க்கவில்லை; மதிப்பீட்டுடன் அளவுத் தாள் எதுவும் இணைக்கப்படவும் இல்லை. தரையில் சொட்டாத ஆயிலுக்கு வேறொரு எளிய காரணமும் உண்டு என்பது அங்கே யாருக்கும் தோன்றவில்லை. லோடில் ஓடி வந்த டீசல் எஞ்சினில், சிலிண்டர்களின் புகையைச் சேர்த்து வெளியே கொண்டுபோகும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு 400 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சூடேறும். அதன்மேல் கசியும் ஆயில் அங்கேயே புகைந்து தீர்ந்துவிடும், கீழே விழுவதற்கு மிச்சம் இருக்காது. ஆயில் உள்ளே எரிந்தால் நீலப் புகை சைலன்சர் வழியாகப் பின்னால் போயிருக்க வேண்டும். என் வண்டியில் வாடை முன்னால், கேபினில் இருந்தது.

அவ்வளவு பெரிய தொகைக்குச் சம்மதிக்காமல் வண்டியை எடுத்துக்கொண்டு, மாதவரம் பக்கம் லாரி வேலை மட்டுமே பார்க்கும் சிறிய பட்டறை ஒன்றுக்குச் சென்றேன். அங்கிருந்த மூத்த மெக்கானிக் ஸ்பேனரைக் கையில் எடுப்பதற்கு முன் எஞ்சினை முழுவதும் டீசலால் துடைத்து, தண்ணீர் விட்டுக் கழுவி, காற்றடித்து உலர்த்தினார். பிறகு டேப்பட் கவரின் ஓரம், டர்போவுக்கு ஆயில் போகும் பைப்பின் காப்பர் வாஷர் இருக்கும் இடம், டர்போ ரிட்டர்ன் பைப், ஆயில் ஃபில்டரின் அடிப்பாகம் ஆகியவற்றில் சாதாரண முகப் பவுடரைத் தூவிவிட்டு, லோடுடனேயே ஒரு சுற்றுப் போய் வரச் சொன்னார். திரும்பி வந்து பார்த்தபோது மற்ற இடங்களில் எல்லாம் பவுடர் உலர்ந்து வெள்ளையாகவே இருந்தது. டேப்பட் கவரின் பின்மூலையில் மட்டும், மூடியின் விளிம்பிலிருந்து மேனிஃபோல்டை நோக்கி விரல் அகலத்தில் பழுப்புக் கோடு ஒன்று ஈரமாக இறங்கியிருந்தது. அது முடிகிற இடத்தில் இரும்பு கருத்து, மேலே மெல்லிய புகை. லீக் எங்கே என்ற கேள்வி அத்துடன் முடிந்தது.

ஆனால் அவர் உடனே பேக்கிங்கை மாற்றவில்லை. புதிய பேக்கிங் இவ்வளவு சீக்கிரம் விட வேண்டுமானால் உள்ளேயிருந்து ஏதோ தள்ள வேண்டும் என்று சொல்லி, பிரீதர் ஹோஸைக் கழற்றச் சென்றார். பிஸ்டனைக் கடந்து கீழே இறங்கும் வாயு எந்த எஞ்சினிலும் கொஞ்சம் இருக்கும். லோடு கூடினால் அதுவும் கூடும். அது வெளியேறுவதற்குப் பிரீதர் ஒன்றுதான் வழி. அந்த வழி அடைபட்டால் அழுத்தம் எஞ்சினுக்குள் தங்கி, எந்த இணைப்பு பலவீனமோ அதன் வழியே ஆயிலை வெளியே தள்ளும்; டர்போவிலிருந்து ஆயில் சம்ப்புக்குத் திரும்புவதையும் அதுவே தடுக்கும். லோடில் மட்டும் வாடை வந்ததற்கும், ஆயில் மூடியைத் திறந்ததும் காற்று பலமாக அடித்ததற்கும், டர்போ சீல் கெட்டதுபோல் தோன்றியதற்கும் இந்த ஒரே காரணம் போதும்.

இனி அந்த ரூ.650-க்கு வருகிறேன். பிரீதர் ஹோஸின் இரண்டு முனைகளிலும் இருந்த கிளிப் திருகுகள் துருப்பிடித்து இறுகியிருந்தன. திருப்புளி பட்ட தடம் எதிலும் இல்லை. கிளிப்பின் மேல் பல மழைக்காலத்துச் சேறு ஆயிலோடு கலந்து, கெட்டியாகி, ஓர் இடத்தில்கூட உடையாமல் படிந்திருந்தது. அதைக் கழற்றுவதற்கு முன் பல கோணங்களில் படம் எடுத்துக்கொண்டோம். துருவெடுக்கும் எண்ணெய் அடித்தும் திருகு அசையாததால் கிளிப்பை வெட்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது. ஹோஸின் உள்தோல் உரிந்து, மடிந்து, ஒரு பேனா நுழையும் அளவுக்குக்கூட வழி விடாமல் கிடந்தது. பிரீதர் டப்பாவுக்குள் இருக்கும் கம்பி வலையில் கறுப்புச் சகதி அடைத்திருந்தது. அந்தக் கிளிப்பைத் தொடாமல் அந்தப் பிரீதரை யாரும் கழற்றியிருக்க முடியாது. ஆகவே பில்லில் எழுதி, ஜி.எஸ்.டி.யும் சேர்த்து, என்னிடம் பணம் பெற்றுக்கொண்ட வேலை செய்யப்படவே இல்லை.

கம்பி வலையை டீசலில் ஊறவைத்துக் கழுவி, ஹோஸையும் கிளிப்புகளையும் புதிதாகப் போட்டு, குழிந்திருந்த டேப்பட் கவரின் விளிம்பைச் சமப்படுத்தி, பேஸ்ட் இல்லாமல் புதிய பேக்கிங் வைத்துப் பூட்டியதற்குப் பட்டறையில் கூலியும் பொருளும் சேர்த்து ரூ.3,400 ஆனது. அதன்பின் எஞ்சினை ஐடிலில் ஓடவிட்டு, ஆயில் மூடியைத் திறந்து, அந்த வாயில் ஒரு பாலிதீன் கவரைப் பிடித்தபோது அது லேசாக உப்பியதே தவிரப் பறக்கவில்லை. இன்றுவரை லோடிலும் வாடை இல்லை. டிப் ஸ்டிக் மட்டம் இறங்கவில்லை. கவர் ஓரம் உலர்ந்தே இருக்கிறது. உங்கள் மதிப்பீட்டின்படி ரிங்கும் டர்போவும் போய்விட்ட எஞ்சின், அதே ரிங்கோடும் அதே டர்போவோடும் பெட்டி இழுத்துக்கொண்டிருக்கிறது.

இதைப் பணத்தோடு நிற்கும் விஷயமாக மட்டும் நான் பார்க்கவில்லை. மணலி நெடுஞ்சாலையில் சுத்திகரிப்பு ஆலைக்குப் போகும் டேங்கர் லாரிகளுக்கு இடையில்தான் எங்கள் வண்டிகள் மணிக்கணக்கில் வரிசையில் நிற்கின்றன. சூடான மேனிஃபோல்டில் ஆயில் புகைந்துகொண்டிருக்கும் ஒரு வண்டியை, ‘சரிசெய்யப்பட்டது’ என்று முத்திரை குத்தி அந்த வரிசைக்கு அனுப்புவது எவ்வளவு ஆபத்தானது என்பதை உங்கள் கிளைக்கு நீங்கள்தான் விளக்க வேண்டும்.

ஆகவே, செய்யாத பிரீதர் வேலைக்குப் பெற்ற தொகையை வரியுடனும், முதல் பில்லில் டேப்பட் கவர் வேலைக்குரிய கூலியையும், பயனற்றதோடு கவரையும் சேதப்படுத்திய இரண்டாவது பில்லின் தொகை முழுவதையும் திரும்பத் தர வேண்டும். ஆயிலுக்கும் ஃபில்டருக்கும் தந்ததை நான் கேட்கவில்லை. அவை போடப்பட்டன, பயன்பட்டன. இதைவிட முக்கியமாக, உங்கள் கணினியில் என் வண்டியின் சர்வீஸ் பதிவில் ‘எஞ்சின் ஓவர்ஹால் பரிந்துரைக்கப்பட்டது, வாடிக்கையாளர் மறுத்தார்’ என்று ஏற்றப்பட்டிருக்கும் குறிப்பை நீக்கி, நீக்கியதற்கு எழுத்துமூலமான உறுதியை அனுப்ப வேண்டும். நாளை வண்டியை விற்க நேர்ந்தால், வாங்க வருகிறவர் அந்த ஒரு வரியைப் பார்த்தே பாதி விலை கேட்பார். கிளையில் வேலை பார்க்கும் இளைய மெக்கானிக்குகள் மீது நடவடிக்கை எடுக்கும்படி நான் கோரவில்லை. வேலை நடந்ததா என்று பார்க்காமலே பில்லில் கையெழுத்திட்டவர் யார் என்பதே என் கேள்வி.

இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் பதில் வராவிட்டால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் கீழ் சேவைக் குறைபாடு என்று சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு தாக்கல் செய்வேன். லாரி வணிகப் பயன்பாட்டு வாகனம், ஆகவே நான் நுகர்வோர் அல்ல என்று உங்கள் கிளை மேலாளர் தொலைபேசியில் சொன்னார். சுயதொழில் மூலம் பிழைப்பு நடத்துவதற்காக மட்டும் ஒருவர் ஒரு பொருளை வாங்கிப் பயன்படுத்துவது வணிக நோக்கம் ஆகாது என்று அச்சட்டத்தின் 2(7) பிரிவின் விளக்கம் கூறுகிறது. எனக்கு இருப்பது இந்த ஒரே வண்டி. அதை ஓட்டுவதும் நான்தான்.

இரு பில்களின் நகல்களும், மதிப்பீட்டின் நகலும், பட்டறை ரசீதும், கிளிப்பைக் கழற்றுவதற்கு முன் எடுத்த படங்களும் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன. பழைய ஹோஸும் வெட்டி எடுத்த கிளிப்புகளும் என்னிடம் உள்ளன. உங்கள் பொறியாளர் எந்த நாளும் மணலிக்கு வந்து என் முன்னிலையில் அவற்றைப் பார்வையிடலாம். கிளைக்குக் கொடுத்தனுப்ப எனக்குச் சம்மதமில்லை.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)
லாரி உரிமையாளர், மணலி.